திருத்திய லீவ் லெட்டர்

எட்டாம் வகுப்பில் என்னோடு படித்தவர்களுக்கு நினைவிருக்கலாம். ஒருநாள் காலை ஆசிரியர் அறை வாசலில் என் அப்பா நின்றுகொண்டிருந்தார். "என்னடா தப்பு பண்ணினே?" என்று அன்று முழுக்கக் கேட்டீர்கள். நான் வாயே திறக்கவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

முந்தின நாள் கணக்குப் பரீட்சைத் தாள் வந்திருந்தது. 78 மதிப்பெண். அப்பா கையெழுத்துப் போடுமுன் எப்போதும் கூட்டிப் பார்ப்பார். "68தான் வருது. நாளைக்கு சார்கிட்டக் காட்டி மாத்திக்கோ" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "ஊருக்குப் போனதுக்குக் காய்ச்சல்னு நீங்க லீவ் லெட்டர் எழுதினீங்களே, அதை யார் மாத்துறது?" என்று கேட்டுவிட்டேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன். அப்பா பேனாவை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் என்னோடு அவரும் கிளம்பினார். லீவ் லெட்டர்களையெல்லாம் சார் ஒரு கம்பியில் குத்தி வைத்திருப்பார். மேலே இருந்ததை ஒவ்வொன்றாகக் கழற்றி என்னுடையதை எடுத்தார். அப்பா நின்றபடியே குனிந்து 'காய்ச்சல்' என்பதை அடித்து, 'வெளியூர் சென்றிருந்தோம்' என்று எழுதி, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டார். அவர் காது மடல் சிவந்திருந்தது. சார் எதுவும் சொல்லாமல் என் தாளை வாங்கி, சிவப்பு மையில் 7ஐ 6 ஆக்கினார். நேர்மைக்காக அந்தப் பத்தை விட்டுவைப்பார் என்று எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. விடவில்லை.

அப்புறம் அப்பா பொய்யே சொன்னதில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

1970இல் பிரையன், வால்பெக் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. விளையாட்டில் ஜெயித்ததில் கொஞ்சம் ஏழைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம் என்ற நிலையில், பெரியவர் "கொடு" என்று சொன்னாரா என்பதைவிட, அவர் கொடுத்தாரா என்பதைப் பார்த்தே பிள்ளைகள் கொடுத்தார்களாம். படித்தபோது எனக்கு அந்தச் சிவந்த காதுதான் ஞாபகம் வந்தது.

இவ்வளவு தெரிந்தும் நான் என்ன செய்தேன்? சில மாதங்களுக்கு முன் என் மகள் ஒரு சமூக வலைத்தளத்தில் கணக்குத் தொடங்கக் கேட்டாள். வயது 13 ஆகியிருக்க வேண்டும். அதற்குக் கீழுள்ள பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோர் சம்மதமில்லாமல் வாங்கக் கூடாது என்று அமெரிக்கா 1998இல் சட்டம் போட்டதிலிருந்து பல நிறுவனங்கள் வைத்திருக்கும் வரம்பு அது. இவளுக்கு இன்னும் 14 மாதம் இருந்தது. தோழிகள் எல்லாரும் இருக்கிறார்களே என்று பிறந்த ஆண்டை நானே மாற்றித் தட்டிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம், வீட்டுப்பாடம் முடிக்காமலே முடித்ததாகச் சொன்னாள் என்று அவளைப் பிடித்தேன். பொய் சொல்லலாமா என்று ஆரம்பித்ததும், "தாத்தாவோட லெட்டர் கதைய நீங்கதானேப்பா சொன்னீங்க?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

சரி என்று அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தே கணக்கை நீக்கினேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது காலண்டரில் ஒவ்வொரு மாதமாக அடித்து வருகிறாள். என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் கோடு போடுகிறாள்.