குறையும், ஐயா

"குறையும், ஐயா." இரண்டே சொல். யோசித்துச் சொன்னதும் இல்லை. ஆனால் அந்த இரவிலிருந்து எனக்கு நினைவில் நிற்பது இது மட்டும்தான்.

2021 நவம்பர் 13, சனிக்கிழமை இரவு. மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாடு ஒரு நாள் முன்பே முடிந்திருக்க வேண்டியது, இழுத்துக்கொண்டே போனது. எங்கள் பத்திரிகையின் ஒன்பதாம் பக்கத்தில் அதற்கு நான்கு பத்தி இடம். 'நிலக்கரி மின்சாரத்தைப் படிப்படியாகக் கைவிட உடன்பாடு' என்று தலைப்பு வைத்துப் பக்கத்தை முடித்துவிட்டேன். அந்த வாரம் யாருக்கும் கிளாஸ்கோ பெரிய விஷயமில்லை. முந்தைய வாரம் சென்னையில் ஒரே இரவில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டியிருந்தது. அன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டம் மிதந்துகொண்டிருந்தது. முதல் பக்கம் முழுக்க மழை. அந்த மழைக்கும் என் ஒன்பதாம் பக்கத்துக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்பது டெஸ்க்கில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன, இரண்டும் வேறு வேறு பக்கம்.

கடைசி நிமிடத்தில் ஏஜென்சி செய்தி மாறியது. இந்தியா எழுந்து ஒரு வார்த்தையை மாற்றச் சொன்னது, மாறிவிட்டது. 'கைவிட' போய் 'குறைக்க' வந்தது. மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா மன்னிப்புக் கேட்டு, பேச முடியாமல் தொண்டை அடைத்து நின்றார். பொறுப்பில் இருந்தவரிடம் போய்ச் சொன்னேன். "தலைப்புல இந்தியா வேண்டாம், உள்ள போட்டுக்க. நம்ம மேல மட்டும் பழி எதுக்கு?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மூன்று நாள் முன்புதான் அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில், சீனா நிலக்கரியைக் 'குறைக்கும்' என்றே எழுதியிருந்தார்கள். அப்போது யாரும் அழவில்லை. ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு இவ்வளவு கரியமில வாயு என்று கணக்குப் பார்த்தால் நமக்கு ஏறக்குறைய 2 டன், அமெரிக்காவுக்கு 14 டன்னுக்கும் மேல். பணக்கார நாடுகளுக்கு அவசியமான எண்ணெயையும் எரிவாயுவையும் பெயர் சொல்லித் தொடாமல், நிலக்கரியை மட்டும் தூக்கி நடுவில் வைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஏழை நாடுகளுக்கு 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்று 2009-இல் கோபன்ஹேகனில் கொடுத்த வாக்கும் அப்போது நிறைவேறியிருக்கவில்லை. இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் 'கைவிட'வை அடித்துவிட்டுக் 'குறைக்க' என்று போட்டேன்.

அப்புறம் பக்கம் புலவரிடம் போனது. புரூஃப் பார்ப்பவர். புலவர் பட்டம் படித்தவர் என்பதால் டெஸ்க்கில் அதுவே பெயராகிவிட்டது. வீடு, நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையங்கள் இருக்கும் எண்ணூர்ப் பக்கம். பிரிண்ட் அவுட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேசைக்கே வந்தார்.

"தம்பி, 'குறைக்க'ன்னு மொட்டையா நிக்குதே. எவ்வளவு? எது வரைக்கும்?"

"அவங்களே அப்படித்தான் எழுதியிருக்காங்க ஐயா."

"கைவிடறதுன்னா ஒரு முடிவு இருக்கு. குறைக்கறதுக்கு முடிவே இல்லையே. நான் சர்க்கரையைக் கூடத்தான் பத்து வருஷமா குறைக்கிறேன்."

சிரித்தோம். கீழே அச்சகத்தில் பிளேட்டுக்குக் காத்திருந்தார்கள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, போகாமல் நின்றார்.

"அப்போ எங்க பக்கம் இந்தச் சாம்பல் குறையுமா?"

"குறையும், ஐயா."

பக்கத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த நேரத்தில் வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்று பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். தெரியாது என்றிருக்கலாம். அது உண்மையாவது இருந்திருக்கும். முழு வாசகத்தை ஒரு வாரம் கழித்துத்தான் நிதானமாகப் படித்தேன். நிலக்கரியைக் குறைக்க நாடுகள் ஒப்புக்கொண்டன என்றுகூட அதில் இல்லை. புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துவைக்கும் வசதி இல்லாத நிலக்கரி மின்சாரத்தைப் படிப்படியாகக் குறைப்பதை நோக்கிய முயற்சிகளை விரைவுபடுத்துமாறு நாடுகளைக் கேட்டுக்கொள்கிறது. அவ்வளவுதான். இதைத் தலைப்பாக வைத்தால் செய்திக்கு இடம் இருக்காது. ஆக, நான் மாற்றி வைத்த தலைப்பும் நடந்ததைவிடப் பெரிதாகத்தான் சொன்னது. 'கைவிட' என்றே விட்டிருந்தாலும் அதற்கும் ஒரு தேதி கிடையாது. அப்படியானால் அந்த ஒரு வார்த்தைக்கு அலோக் சர்மா ஏன் கலங்கினார்? நான் ஏன் இன்னும் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறேன்?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஏறக்குறைய முப்பது ஆண்டு பேசிய பிறகு, நிலக்கரி என்ற சொல் இந்த மாநாடுகளின் முடிவுக்குள் வந்ததே அதுதான் முதல்முறை. அதைப் பெரிய முன்னேற்றம் என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒரு கட்டுரையில் அப்படி எழுதினேன். எழுதும்போது நம்பினேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த மாநாட்டுக்காக, டுவாலு நாட்டு அமைச்சர் சைமன் கோஃபே முழங்காலளவு கடல்நீரில் நின்று பேசிப் பதிவுசெய்து அனுப்பியிருந்தார். அந்தப் படத்துக்குக் குறிப்பு எழுதியதும் நான்தான். அவருக்கு 'முன்னேற்றம்' என்பதை எப்படி மொழிபெயர்ப்பது? அங்கே முன்னேறிக்கொண்டிருப்பது கடல்தான்.

எல்லா நாடும் சேர்ந்து ஒப்புக்கொண்டால்தான் வாசகம் நிற்கும் என்பது அந்த மாநாடுகளின் முறை. அதனால் யாருக்கும் வலிக்காத சொல்லாகப் பார்த்துப் பிடிக்கிறார்கள். இரவு ஒரு மணிக்கு நான் செய்ததும் வேறில்லை. பொறுப்பாளருக்கும் வலிக்கக் கூடாது, புலவருக்கும் வலிக்கக் கூடாது, பிளேட்டும் தாமதமாகக் கூடாது. அவர்களைத் திட்ட எனக்கு அருகதை இல்லை என்று சில நாள் தோன்றும். சில நாள், என் பேச்சால் யார் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரவில்லையே என்றும் தோன்றும்.

2023 டிசம்பரில் துபாயில் மாநாடு. இந்த முறை எண்ணெய், எரிவாயு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு வார்த்தை தேடினார்கள். அதே நாட்களில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் மிதந்தது. ஆட்கள் வாளியால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். 13-ஆம் தேதி துபாயில் வார்த்தை கிடைத்தது: புதைபடிவ எரிபொருள்களிலிருந்து 'விலகிச் செல்வது'. மறுநாள் பத்திரிகையில் தலைப்பு என்னுடையதுதான். புலவர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார்.

காலை எட்டு மணிக்கு அவரிடமிருந்து போன். பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. கேட்கத்தான் போகிறார், இந்த முறை உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்துகொண்டு எடுத்தேன்.

"தம்பி, ஒன்பதாம் பக்கம். 'விலகி செல்ல'ன்னு வந்திருக்கு. நடுவுல ச் விழுந்துபோச்சு பாருங்க."

"ஆமா ஐயா, கவனிக்கல."

"சரி, பரவால்ல."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. நானும் கழிமுகத்தைப் பற்றி விசாரிக்காமலேயே போனை வைத்தேன்.