180 ஜிபி சிட்டா

ஓணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து போன். அங்கே ஒரு மாட்டுத்தீவனக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், வீடு பொள்ளாச்சி. "தம்பி, பில்லு ஏறவே மாட்டேங்குதுங்க. அஞ்சு வண்டி லோடோட நிக்குது" என்றார் கணக்குப் பார்க்கும் அக்கா. கோபாலபுரம் தாண்டிப் போய்ப் பார்த்தால் திரையில் 9002 பிழை: லாக் நிரம்பிவிட்டது. கணக்கு இருக்கும் டேட்டா ஃபைல் 6 ஜிபி, ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதிவைக்கும் லாக் ஃபைல் 180 ஜிபி. டிரைவில் பொட்டு இடமில்லை.

தினமும் ராத்திரி ஃபுல் பேக்கப் ஓடியதால் நிம்மதியாக இருந்துவிட்டேன். இந்தக் கணக்கை வைத்திருக்கும் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரில் ஃபுல் ரெக்கவரி மாடல் (லாக்கை விடாமல் சேர்த்துவைக்கும் முறை) என்றால், ஃபுல் பேக்கப் எத்தனை எடுத்தாலும் லாக் காலியாகாது. லாக் பேக்கப் தனியாக எடுக்க வேண்டும்.

அக்காவிடம், "நீங்க அன்னன்னைக்கு நடக்கறத மொதல்ல சிட்டாவுல எழுதிட்டுத்தானே பேரேட்டுல ஏத்துவீங்க? இந்த லாக்கும் அப்படித்தான்" என்றேன். "அப்ப எழுதி முடிச்ச சிட்டாவ யாருங்க எடுத்து வெக்கறது?" என்றார். யாருமே எடுத்து வைக்கவில்லை என்பதுதானே விஷயம்!

வண்டிகள் நின்றதால் லாக்கைத் தானே காலிசெய்துகொள்ளும் சிம்பிள் மாடலுக்கு மாற்றி, ஃபைலைச் சுருக்கி, மறுபடி ஃபுல்லுக்குக் கொண்டுவந்தேன். இதில் ஒன்றையடுத்து ஒன்றாகத் தொடரும் லாக் பேக்கப் சங்கிலி அறுந்துபோகும். அதனால் உடனே ஒரு ஃபுல் பேக்கப். அப்புறம் 15 நிமிடத்துக்கு ஒரு லாக் பேக்கப் என்று வைத்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஞாயிறுதோறும் லாக் ஃபைலைச் சுருக்கும் ஷ்ரிங்க் ஓடும்படி ஒரு ஜாபும் போட்டேன். குடோனில் மூட்டை தீர்ந்தது என்று யாராவது சுவரை இடிப்பார்களா? நான் வாராவாரம் இடித்தேன், திங்கட்கிழமை சர்வர் திரும்பக் கட்டியது. லாக் ஃபைல் ஒரேயடியாகப் பெரிதாக வளரும்போது, சேரும் இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பி முடித்த பிறகே அதில் எழுத முடியும். அதுவரை பில் போடுகிறவர் திரையை வெறிக்க வேண்டியதுதான். ஜாபைத் தூக்கிவிட்டு, லாக்கை 8 ஜிபியில் நிறுத்தி, வளர்ந்தால் ஒரு தடவைக்கு 512 எம்பி என்று வைத்த பிறகு அமைதி.

மூன்று மாதம் கழித்து, பேக்கப் ஒழுங்காக ஓடியும் லாக் ஏறியது. எதற்குக் காத்திருக்கிறது என்று சர்வரைக் கேட்டேன்: ஆக்டிவ் டிரான்சாக்‌ஷன். யாரோ தொடங்கிய வேலை முடியாமல் நிற்கிறது என்று அர்த்தம். அது யாருடையது என்று காட்டும் டிபிசிசி ஓப்பன்டிரான் கட்டளையைப் போட்டதும் ஆள் சிக்கினார். பழைய அயிட்டம் ஒன்றின் இருப்பைத் திருத்த வேலையைத் தொடங்கும் பிகின் டிரான் அடித்துவிட்டு, முடிக்கும் கமிட் போடாமலே சாப்பிடப் போயிருக்கிறார். லேப்டாப் என்னுடையது.

"யாருங்க தம்பி அது?" என்று அக்கா கேட்டார்.

நெட்வொர்க் கோளாறு என்று சொல்லிவைத்தேன்.