சுறா வாங்க மூக்குதான் வேண்டும்

கிருஷ்ணகிரி அணை ஜிலேபியும் ஒகேனக்கல் கட்லாவும் வாங்கிப் பழகிய கை, தருமபுரி மீன் கடையில் சுறாவைக் கண்டாலும் செவுளைத் தூக்கத்தான் போகும். தூக்குவதற்கு அதில் மூடியே கிடையாது. பால் சுறாவுக்குத் தலைக்குப் பின்னால் பக்கத்துக்கு ஐந்து கீறல்கள், அவ்வளவுதான். செதிலும் பெயர்ந்து வராது. தலையிலிருந்து வால் பக்கம் தடவினால் வழவழப்பு, திருப்பித் தடவினால் உப்புத்தாள். அத்தனையும் பல்லைப் போலவே எனாமல் பூசிய நுண்ணிய முட்கள்.

அதனால் செவுள் கீறலிலும் வயிற்றுக் குழியிலும் மோந்து பாருங்கள். கடல் நீர் உடம்புத் தண்ணீரை உறிஞ்சிவிடாமல் இருக்க, சுறா தன் ரத்தத்திலும் சதையிலும் யூரியாவைத் தேக்கி வைத்திருக்கிறது. செத்த பிறகு பாக்டீரியா அதை அம்மோனியாவாக உடைக்கும். நமக்குப் பக்கத்துக் கடலான புதுச்சேரியே ஏறக்குறைய 200 கிலோமீட்டர். வழியில் ஐஸ் குறைந்தால் மற்ற மீனைவிடச் சுறாதான் முதலில் காட்டிக்கொடுக்கும். லேசான வாடை என்றால் உப்பும் எலுமிச்சைச் சாறும் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டால் அடங்கும். கண் எரிகிற அளவுக்கு இருந்தால் வாங்காதீர்கள். எலுமிச்சையின் புளிப்பு, வாடையைத்தான் அமுக்கும், கெட்டதை நல்லதாக்காது.

வெட்டும்போது வயிற்றில் குட்டி இருப்பதும் உண்டு. பால் சுறா முட்டையிடாது. கங்காரு ஒரு மாதத்தில் ஒரு கிராம்கூட இல்லாத குட்டியைப் போட்டுப் பையில் வளர்க்கிறது என்றால், இது தொப்புள்கொடியோடு ஏறக்குறைய ஒரு வருடம் சுமந்து, முழுசாக நீந்தத் தெரிந்த குட்டியை ஈனும். ஒரு ஈற்றுக்கு அதிகபட்சம் எட்டு. கட்லா லட்சக்கணக்கில் முட்டையிடுகிறது. கடலில் சுறா குறைந்தால் சீக்கிரம் திரும்பி வராததற்கு இந்தக் கணக்குதான் காரணம். சினைச் சுறாவைக் கேட்டு வாங்குவதை விட்டுவிடலாம்.

பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் சுரக்கும் என்று சுறாப் புட்டு செய்து கொடுக்கிறோம். ஆனால் வயதான பெரிய சுறாவின் சதையில் பாதரசம் சேர்ந்திருக்கும். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் அது வேண்டவே வேண்டாம்.

புட்டுக்கு அரைக் கிலோவைத் தோலோடு பெரிய துண்டாகப் போட்டு, மஞ்சள் தூள் சேர்த்து எட்டு பத்து நிமிடம் வேகவிட்டால் போதும். தோல் தானாக உரியும். நடுத்தண்டு எலும்பில்லை, குருத்து. முழுசாக உருவி எடுத்துவிடலாம். வேகவைத்த தண்ணீரைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், யூரியா கரைந்து இறங்குவது அதில்தான். புட்டு உதிராமல் களியாகிப் போவதற்கு முக்கியக் காரணம் ஈரம். உதிர்த்த சதையைக் கைப்பிடி கைப்பிடியாக இறுக்கிப் பிழிந்த பிறகே, 200 கிராம் சின்ன வெங்காயமும் 15 பல் பூண்டும் நான்கு பச்சை மிளகாயும் வதங்கிய சட்டியில் போட்டு, சிறு தீயில் கிளறுங்கள்.