மனசுக்குள்ள ஒரு ஷெட்டு

கோயமுத்தூர்ல சிஎன்சி செட்டரா, அதாவது கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்ல ஓடற மெஷின செட் பண்ணிக் குடுக்கற ஆளா, வேலை பாக்குற யார வேணா கேட்டுப் பாருங்க, கணபதியோ குறிச்சியோ சின்னவேடம்பட்டியோ, எல்லாரும் மனசுக்குள்ள சொந்தமா ஒரு ஷெட்டு போட்டு வச்சிருப்பாங்க. உள்ள டர்னிங் சென்டர்ங்கற கடைசல் மெஷினு ஒன்னு, ஓரமா ஒரு கம்ப்ரசர், செவுத்துல முருகர் படம், வெளிய போர்டு. போர்டுல என்ன பேருங்கறது கூட முடிவாயிருக்கும், பெரும்பாலும் மகளோட பேரு, பின்னாடி இன்ஜினியரிங். டீ டைம்ல பேசுறது பூரா இதுதான். பேசிப்பேசியே முக்காவாசிப் பேரு ரிட்டையர் ஆயிருவாங்க. நானும் ரொம்ப வருசம் அந்தக் கூட்டத்துல தான் இருந்தேன்.

என்னப்பா பயம்னு யாராச்சும் கேட்டா லோன் தான்னு சொல்லிருவேன். மெஷினு பதினஞ்சு இருவது லட்சம் ஆகுது, அதுக்கு மேல டூல், ஸ்டெபிலைசர், ஷெட்டுக்கு அட்வான்ஸுன்னு கணக்கு சொன்னா கேக்கறவங்க வாய மூடிக்குவாங்க, அதுக்காகவே சொல்றது. ஆனா யோசிச்சுப் பாத்தா பதில் இருந்த ஒரே பயம் அது மட்டுந்தான். மாவட்ட தொழில் மையத்துல போய்க் கேட்டா நீட்ஸ்னு ஒரு திட்டம், 2012-ல இருந்து நம்ம கவர்மென்ட் நடத்துறது, ஐடிஐ படிச்சவங்களுக்கும் உண்டு, மூலதனத்துல 25 சதவீதம் மானியம், பொதுப் பிரிவுன்னா நம்ம கைக்காசு 10 சதவீதம் போட்டா போதும். முத்ரா லோன் இருக்கு. சொத்து ஜாமீன் இல்லாம கடன் குடுக்க மத்திய அரசோட உத்தரவாதத் திட்டமும் இருக்கு. பேங்க் மேனேஜர் அலைய விடுவாரு, அது வேற கதை, ஆனா வழி இல்லாம இல்ல.

பதில் இல்லாத பயமெல்லாம் வேற. ஒன்னாந்தேதி சம்பளம் வந்து விழுகுற பழக்கம் போயிருமே. ஊர்ல நோம்பிக்குப் போனா பையன் பெரிய கம்பெனில இருக்கான்னு சொல்றாங்களே, அது இருக்காதே. எங்க மாமனாரு நல்ல மனுசன், அவரே சொன்னாரு, "மாப்ள, குந்தித் திங்கச் சொல்லல, இருக்கறத விட்டுப்போட்டு எதுக்குங்க இந்த வேலை." எல்லாத்துக்கும் அடியில ஒன்னு இருந்துச்சு, அத யார்கிட்டயும் சொன்னதில்ல. ஒருவேளை கவுந்துட்டா திரும்ப அதே கேட்ல, எனக்குக் கீழ வேலை பாத்த பசங்க இன்னைக்கு சூப்பர்வைசரா நிக்கறப்ப, பயோடேட்டா தூக்கிட்டு நிக்கணுமே. அத நெனச்சா ராத்திரி தூக்கம் போயிரும், இருவது லட்சத்த நெனச்சுப் போனதில்ல.

இதுல வேடிக்கை என்னன்னா பயத்தப் போக்கறது தான் கம்பெனில எனக்குப் பாதி வேலையே. புதுசா வர்ற ட்ரெய்னி பசங்களுக்கு மெஷின ஓட விடற சைக்கிள் ஸ்டார்ட் பட்டன அமுக்கப் பயம். நியாயமான பயந்தான், ப்ரோக்ராம்ல ஒரு மைனஸ் விட்டுப்போனாலோ டூல் எங்க நிக்குதுன்னு மெஷினுக்குச் சொல்ற ஆஃப்செட்ல ஒரு புள்ளி தள்ளிப் போனாலோ, டூல் மாட்டியிருக்கற டரட் நேராப் போய் பீஸப் புடிச்சுச் சுத்தற சக்குல மோதும், வெட்டாம வேகமா நகர்ற ரேபிட்ல நிமிசத்துக்கு 20 மீட்டர் வேகம், ஆளு கைய நகத்தறதுக்குள்ள சக்கச் சுத்த வைக்கற ஸ்பிண்டிலோட அலைன்மென்ட் போயிருக்கும். அந்தப் பையன்கிட்ட போய் பயப்படாதடானு சொன்னா வேலைக்கு ஆகாது. நாங்க என்ன பண்ணுவோம்னா, மொதல்ல பீஸே மாட்டாம, ஆஃப்செட்ட தள்ளி வச்சு காத்துல ஓட்டச் சொல்லுவோம். அப்புறம் சிங்கிள் பிளாக் போட்டு ஒவ்வொரு லைனா, ரேபிட் வேகத்தக் கொறைக்கற ஓவர்ரைடு 25 சதவீதத்துல, ஒரு வெரலு டூல நிறுத்தற ஃபீட் ஹோல்டு பட்டன் மேலயே இருக்கணும், டூலு பீஸ்கிட்ட வந்ததும் நிறுத்தி, இன்னும் போக வேண்டிய தூரம், அதான் டிஸ்டன்ஸ் டு கோ, ஸ்க்ரீன்ல எவ்வளவு காட்டுது, கண்ணுக்கு எவ்வளவு தெரியுதுன்னு ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கணும். ஒத்து வந்தா அடுத்த லைன். ஒரு வாரம் கழிச்சு பாத்தா அதே பையன் பாட்டுக் கேட்டுட்டே ஓட்டிட்டு இருப்பான் (அப்ப தான் நாங்க பயப்படணும்).

இத வருசக்கணக்கா ஊருக்கே சொல்லிக் குடுத்துட்டு நம்ம விசயத்துல மட்டும் ஃபுல் ரேபிட்ல வேலைய விட்டுட்டுப் போறதப் பத்தியே யோசிச்சுட்டு இருந்திருக்கேன், ஒன்னு ராஜினாமா இல்லன்னா ஒன்னுமே இல்ல. நடுவுல ஒரு வழி இருக்குன்னு தோணவே இல்ல. தெரிஞ்ச அண்ணன் ஒருத்தரு ரெண்டு மெஷின் வச்சிருந்தாரு, நைட் ஷிப்டுக்கு ஆள் கெடைக்காம ஒன்னு சும்மா நிக்கும். மணிக்கு இவ்வளவுன்னு வாடகை பேசி, பம்பு செட்டுக்குப் போற ஸ்லீவ்ங்கற குழாய் மாதிரி பார்ட் ஒன்ன ஜாப் ஒர்க்கா, அதாவது கூலிக்குச் செஞ்சு குடுக்கற வேலையா எடுத்து, டூட்டி முடிஞ்சு போய் ஓட்ட ஆரம்பிச்சேன். எங்க கம்பெனி கஸ்டமர் பக்கம் தலை வச்சுப் படுக்கல, அதுல தெளிவா இருந்தேன்.

மெஷின் ஓட்டறதுல எனக்குப் புதுசா ஒன்னும் இல்ல. ரேட்டு சொல்றதுல தான் நாக்கு ஒட்டிக்கிச்சு. அந்த வேலை குடுத்த கம்பெனி பர்ச்சேஸ்ல இருந்தவரு டிராயிங்க டேபிள் மேல போட்டு "பீஸுக்கு எவ்வளவுங்க போடுவீங்க"ன்னாரு. ஒரு பீஸுக்கு ஆகற சைக்கிள் டைம் செகண்டு சுத்தமா தெரியும், வெட்டற முனையான இன்சர்ட்டோட ஒரு கார்னர்ல எத்தன பீஸ் வரும்னு தெரியும், உள் துளைல அளவு எவ்வளவு தள்ளலாம்ங்கற டாலரன்ஸ் எங்க காலை வாரும்னு தெரியும், அத ரூவாயா மாத்தி வாயத் தொறந்து சொல்ல வரல. கம்பெனில நான் பாத்த டிராயிங்ல ரேட்டுன்னு ஒரு கட்டமே இருந்ததில்லயே. நான் இழுத்ததப் பாத்து அவரே ஒரு ரேட்டு சொன்னாரு, சரிங்கன்னு தலையாட்டிட்டு வந்து ராத்திரி பேப்பர்ல போட்டுப் பாக்கறேன், மெஷின் வாடகை, இன்சர்ட், டாடா ஏஸ் வாடகை போக என் தூக்கத்துக்கு ஒன்னும் மிஞ்சல. அடுத்த ஆர்டருக்கு அந்தப் பேப்பரையே கொண்டு போய் அவரு முன்னாடி வச்சேன். கொஞ்சம் மொறச்சாரு, நான் கேட்ட ஏத்தத்துல பாதி ஏத்திக் குடுத்தாரு. வேலைய விடலாம்னு எனக்கு நம்பிக்கை வந்தது அன்னைக்குத் தான், லோன் சேங்ஷன் ஆன அன்னைக்கு இல்ல.

நம்மூர்ல இதெல்லாம் பேசுனா ஒடனே ஜி.டி. நாயுடுவ இழுத்துருவாங்க, ஓட்டல்ல சர்வரா இருந்தவரு எப்படி ஆனாரு பாருன்னு. கேட்டுக் கேட்டு ஒரு கட்டத்துல கடுப்பாயிரும், அவரு மேதைங்க, நாம இ.எஸ்.ஐ கார்டு வச்சிருக்கற ஆளு. ஆனா 1920-ல அவரு ஆரம்பிச்சது ஒரே ஒரு பஸ்ஸு, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல, ஓட்டுனதும் அவரே. இத மட்டும் யாரும் அழுத்திச் சொல்றதில்ல.

வெளிய வந்தப்புறம் நான் பயந்த எதுவும் அந்த ரூபத்துல வரல. மாமனாரு ஆயுத பூஜைக்கு வந்து மெஷினுக்கு சந்தனம் வச்சுட்டுப் போனாரு. ஆனா நான் பயப்படவே பயப்படாத பக்கத்துல இருந்து அடி வந்துச்சு, பேமென்ட். சிறு தொழிலுக்கு 45 நாளைக்குள்ள பணம் குடுக்கணும்னு 2006 சட்டமே சொல்லுது, தாமதமானா ரிசர்வ் பேங்க் ரேட்டுல மூணு மடங்கு வட்டி. சட்டம் நல்லாத்தான் இருக்கு, புகார் குடுத்தா அடுத்த ஆர்டர் வராது, அதனால எங்க ஏரியால அத யாரும் தொடறதில்ல. பணம் வரலைன்னாலும் போட்ட பில்லுக்கு ஜிஎஸ்டி கட்டியாகணும். 2022 செப்டம்பர்ல கரண்ட் கட்டணம் ஏத்துனாங்களே, அப்ப ஆர்டர் இல்லாம மெஷின் நின்ன மாசத்துக்கும் நிலைக்கட்டணம் வந்து நின்னுச்சு. கம்பெனில இருந்தப்ப இதுக்கெல்லாம் சேத்து ஒரு நாளாச்சும் பயந்திருந்தா ரெண்டு மாச EMI-ய தனியா எடுத்து வச்சிருப்பேன், நான் என்னடான்னா கேட்ல பயோடேட்டாவோட நிக்கறத நெனச்சு பயந்துட்டு இருந்தேன்.

போன மாசம் பழைய கம்பெனில இருந்து ஒரு தம்பி வந்தான், ஒரு காலத்துல சைக்கிள் ஸ்டார்ட் அமுக்க கை நடுங்குனவன், இப்ப நல்ல செட்டரு. "அண்ணா, நானும் ஆரம்பிக்கலாமாண்ணா, வீட்ல பயப்படறாங்க"ன்னான். வீட்லயா நீயான்னு கேட்டேன், சிரிச்சான். என் ரெண்டாவது மெஷினும் ராத்திரில சும்மா தான நிக்குது, எடுத்துக்கோன்னுட்டேன். கரண்ட் என்னோடது, இன்சர்ட் அவனோடது, மணி கணக்கு, வாடகைய பத்தாந்தேதிக்குள்ள குடுத்துரணும், அதுல தயவு கெடையாது. ஒரு வால்வு கம்பெனில ட்ரையல் பீஸ் கேட்டிருக்காங்களாம், ரேட்டு எவ்வளவுண்ணா சொல்லட்டும்னு ரெண்டு தடவ போன் பண்ணிட்டான். சைக்கிள் டைம் மட்டும் சரி பாத்துக் குடுத்தேன், ரேட்ட அவனே போய் பேசிட்டு வரட்டும்.