முக்குளிப்பு மாஸ்க்கில் என்ன பவர் போடுவது?

நாற்பதைக் கடந்த கிட்டப்பார்வைக்காரர்கள் ஸ்கூபா மாஸ்க்குக்குப் பவர் லென்ஸ் வாங்கும்போது, கண் மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டில் உள்ள எண்ணை அப்படியே கடைக்காரரிடம் சொல்லிவிடுவது வழக்கம். புதுச்சேரிக் கடலில் முக்குளிக்கத் தொடங்கிய பின் எனக்கென்று ஒரு மாஸ்க் வாங்க நினைத்தபோது, அந்த எண்ணைச் சில இடங்களில் கூட்டியும் சில இடங்களில் குறைத்தும் கொள்ள வேண்டியிருப்பதைக் கவனித்தேன்.

நம் கண்ணின் மொத்தக் குவியத் திறன் ஏறத்தாழ 60 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு). அதில் மூன்றில் இரண்டு பங்கு, கார்னியாவின் (கண்ணின் முன்புறத் தெளிந்த படலம்) மேல் காற்று படுவதால் கிடைப்பது. நீருக்குள் கண்ணைத் திறந்தால் அந்தப் பங்கு கிட்டத்தட்ட முழுவதும் போய்விடுகிறது. மாஸ்க் தன்னுள் அடைத்து வைத்திருக்கும் காற்றுதான் அதை மீட்டுத் தருகிறது. அதே சமயம், தட்டையான கண்ணாடி வழியாக நீரைப் பார்ப்பதால் எல்லாப் பொருள்களும் உண்மையான தூரத்தில் முக்கால் பங்கிலேயே இருப்பதாகவும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தோன்றுகின்றன. மைனஸ் 1 அளவிலான சிறு குறை உள்ளவர்கள் வெறும் மாஸ்க்கிலேயே சமாளித்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். என்னைப் போல மைனஸ் 5-ஐ ஒட்டியவர்களுக்கு அந்தச் சலுகை போதாது. மூக்குக்கண்ணாடியை உள்ளே போட்டுக்கொள்ளலாம் என்றால், அதன் காதுப்பிடிகள் சிலிக்கான் விளிம்பைத் தூக்கிவிட, நீர் உள்ளே வந்துவிடும்.

சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் அணிந்து முக்குளிப்பவர்கள் பலர் உண்டு. நான் அதை விரும்பவில்லை. மாஸ்க்கில் நீரை நிரப்பி வெளியேற்றும் பயிற்சியில் லென்ஸ் அடித்துக்கொண்டு போகக்கூடும், கடல்நீர் பட்ட லென்ஸைக் கண்ணிலேயே வைத்திருப்பதும் தொற்றுக்கு வழி. மாஸ்க்கின் கண்ணாடிக்கு உட்புறம் சொந்தப் பவரில் செய்த லென்ஸை ஒட்டித் தருவது இன்னொரு முறை. சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் சமமாக இல்லாததைச் சரிசெய்யும் எண்) அதிகம் உள்ளவர்களுக்கு அதுவே சரியானது, செலவும் அதிகம். மூன்றாவது, இரட்டைக் கண்ணாடி மாஸ்க்கில் உள்ள சாதாரணக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஆயத்தமாகக் கிடைக்கும் பவர் கண்ணாடியைப் பொருத்துவது. பெரும்பாலும் அரை டயாப்டர் இடைவெளியில் கிடைக்கும். எந்த முறையானாலும் நீரைத் தொடும் முகப்பு தட்டையாகவே இருக்கும், வளைவு முழுவதும் காற்றுப் பக்கத்தில்தான். முகப்பில் வளைவு இருந்தால் கரையில் ஒரு பவரும் நீரில் வேறொரு பவருமாக மாறிவிடும்.

நான் ஆயத்தக் கண்ணாடியைத் தேர்ந்தேன். அதில் சிலிண்டருக்கு இடமில்லை என்பதால், சிலிண்டர் எண்ணில் பாதியை மூலப் பவருடன் கூட்டிக்கொள்ள வேண்டும். என் வலக்கண் மைனஸ் 4.50, சிலிண்டர் மைனஸ் 0.75, ஆகவே ஏறத்தாழ மைனஸ் 4.87. அடுத்து, மாஸ்க் கண்ணாடி மூக்குக்கண்ணாடியைவிடக் கண்ணிலிருந்து சற்று விலகி நிற்கிறது. மைனஸ் லென்ஸ் விலக விலக அதன் வலு குறையும். ஒரு சென்டிமீட்டர் விலகினால் மைனஸ் 4-க்கு வித்தியாசம் சொற்பம், மைனஸ் 8 உள்ளவருக்கோ ஏறத்தாழ மைனஸ் 8.7 தேவைப்படும். எனக்கு இந்தக் கணக்கு மைனஸ் 5.12-இல் வந்து நின்றது. வலக்கண்ணுக்கு மைனஸ் 5 என்று முடிவு செய்தேன்.

இடக்கண்ணில்தான் யோசனை தேவைப்பட்டது. அதே கணக்கின்படி அதற்கு மைனஸ் 5.5 வேண்டும். ஆனால் எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது. கரையில் கைப்பேசியைப் படிக்க மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுகிறேன், நீருக்கடியில் மாஸ்க்கைக் கழற்ற முடியுமா? அங்கே நான் தவறாமல் படிக்க வேண்டியவை முதுகில் சுமக்கும் காற்றுச் சிலிண்டரில் மீதமுள்ள அழுத்தமும் டைவ் கம்ப்யூட்டரில் காட்டும் ஆழமும்தான். மீன் மங்கலாகத் தெரிந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது, காற்று குறைந்துவிட்டதைச் சொல்லும் 50 பார் (அழுத்தத்தின் அலகு) மங்கலாகத் தெரியக் கூடாது. அரை மீட்டரில் பிடித்த கருவி முக்கால் பங்கு தூரத்தில், அதாவது 37 சென்டிமீட்டரில் இருப்பதாகவே கண்ணுக்குப் படும். எழுத்து பெரிதாவது லாபம்தான், கண் கூடுதலாகக் குவிய வேண்டியிருப்பது வயதானவனுக்கு நஷ்டம். ஆகவே இடக்கண்ணுக்கு வேண்டுமென்றே மைனஸ் 4 கேட்டேன். தூரத்தை வலக்கண்ணும் கருவிகளை இடக்கண்ணும் பார்த்துக்கொள்கின்றன. இந்த ஏற்பாடு சிலருக்குத் தலைச்சுற்றலைத் தரும் என்பதால், கண் மருத்துவரிடம் சோதனை லென்ஸ் போட்டு நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. ஒத்துவராதவர்களுக்கு, கீழ்ப்பாதியில் மட்டும் படிக்கும் பவர் வைத்த கண்ணாடிகளும் சில மாடல்களுக்குக் கிடைக்கின்றன.

ஆயத்தக் கண்ணாடியில் லென்ஸின் மையம் ஓரிடத்தில் நிலையாக இருக்கும். இரு கருமணிகளுக்கும் இடையிலான தூரம் அதற்கு ஒத்துவராவிட்டால், பவர் கூடக் கூடப் பட்டக விளைவும் (காட்சி இடம் நகர்ந்து தெரிவது) கூடிக் கண் இழுப்பதுபோல் இருக்கும். மைனஸ் 6-க்கு மேல் உள்ளவர்கள் இந்த அளவையும் கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

இத்தனையும் முகத்துக்குப் பொருந்திய மாஸ்க் கிடைத்த பிறகுதான். வாரைப் போடாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உள்ளிழுத்தால் அது ஒட்டி நிற்க வேண்டும். (மீசைக்காரர்கள் இங்கே கொஞ்சம் சிரமப்படுவார்கள், மேலுதட்டருகே ஒரு கோடு சிரைத்துக்கொள்வது உண்டு.) ஒரு மாடலின் கண்ணாடி இன்னொன்றில் பொருந்தாது, ஒற்றைக் கண்ணாடி மாஸ்க்குகளுக்கு ஒட்டும் முறை மட்டுமே. கரையில் போட்டுக்கொள்ளும் மூக்குக்கண்ணாடியை நீர் புகாத பையில் படகிலேயே வைத்திருக்க வேண்டும். மாஸ்க்கைக் கழற்றியதும் ஏணியும் தெரியாது, எதிரில் நிற்பவரும் தெரியமாட்டார்.

பொருத்திய கண்ணாடியைச் சோதிக்கக் கடலுக்குப் போகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. கடையிலேயே மாஸ்க்கை அணிந்து, அழுத்தமானியை நீருக்குள் பிடிக்கும் தூரத்தில் முக்கால் பங்கில் பிடித்துப் பாருங்கள். கண் குவிய வேண்டிய அளவும் எழுத்து தெரியும் பருமனும் அப்போது நீருக்குள் இருப்பதைப் போலவே இருக்கும். கடையின் விளக்குகளில் பாதியை அணைக்கச் சொல்லிவிட்டு இன்னொரு முறையும் படித்துப் பாருங்கள், ஏனெனில் கீழே வெளிச்சம் குறைவு.