ஃபோர்ஸ் இல்லையாம்

பெங்களூர் அல்சூரில் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து ஷவர் அழுதுகொண்டுதான் இருந்தது. நடுவில் நாலு துளையில் மட்டும் நீர் வரும், மிச்சமெல்லாம் வேடிக்கை பார்க்கும். ஓனரிடம் சொன்னால், "ஃபோர்ஸ் இல்லா" என்று கன்னடத்தில் அவரே முந்திக்கொள்வார். மாமியார் தமிழில் சொல்வதும் அதே ஃபோர்ஸ்தான். இந்த ஒரு வார்த்தைக்கு இரண்டு மொழியிலும் மாற்றே கிடையாது.

போன மாதம் ஒருவழியாக பிளம்பரைக் கூப்பிட்டோம். கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தம்பி. மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அக்கா, டேங்க்ல இருந்து ஒரு இன்ச்ல எடுத்து, அங்கேயே ரெட்யூசர் போட்டு அரை இன்ச் ஆக்கியிருக்காங்க. கரெக்டாதான் பண்ணியிருக்காங்க. பைப் சின்னதானா ஃபோர்ஸ் ஏறும்" என்றான்.

"அப்புறம் ஏன்டா தம்பி ஏறல?"

"ஹோஸ் முனையை விரலால அமுக்கினா தண்ணி தூரமா அடிக்குதில்ல? அதே கணக்குதான்."

அந்த "அதே கணக்கு" என்ற சொல்தான் என்னை உசுப்பிவிட்டது. முப்பது வருஷத்துக்கு முன் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவள் நான். ஹைட்ராலிக்ஸ் லேபில் குழாயைக் குறுக்கி ஓட்டத்தை அளக்கும் வெஞ்சுரி மீட்டரில் பாதரச மட்டம் பார்த்து, குணகம் (கணக்குப்படி வர வேண்டிய ஓட்டத்தில் நிஜமாக வருவது எத்தனை பங்கு) 0.98 வந்தே தீர வேண்டும் என்று விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரெக்கார்டு நோட்டு எழுதிய தலைமுறை. அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக இந்த முறை ஒழுங்காக அளந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

குளியலறைக் குழாயை முழுக்கத் திறந்து 20 லிட்டர் பக்கெட்டை வைத்தேன். நிரம்ப 100 வினாடி. அதாவது வினாடிக்கு 0.2 லிட்டர், நிமிடத்துக்கு 12 லிட்டர்.

இனிக் குழாய்க்குள் போவோம். ஒரு இன்ச் குழாயின் உள்விட்டம் 25 மி.மீ., அரை இன்ச்சுக்கு 12.5 என்று வைத்துக்கொண்டேன். விட்டம் பாதியானால் குறுக்குப் பரப்பு கால்வாசி. நீரை அமுக்கிச் சுருக்க முடியாது. பெரிய குழாயில் ஒரு வினாடியில் நுழைந்தது அத்தனையும் அதே வினாடியில் சின்னக் குழாய் வழியாக வெளியேறியாக வேண்டும். அதனால் வேகம் நாலு மடங்காகிறது. பெரியதில் வினாடிக்கு 41 செ.மீ., சின்னதில் 1.63 மீட்டர். தம்பி சொன்னது இதுவரை சரி.

ஆனால் அந்தக் கூடுதல் வேகம் சும்மா வராது, அழுத்தத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். விஞ்ஞானி டேனியல் பெர்னூலி 1738-இல் புத்தகமாகப் போட்ட சங்கதி. இரண்டு வேகங்களின் வர்க்க வித்தியாசத்தை 19.62-ஆல் (புவியீர்ப்பு முடுக்கம் 9.81-இன் இரண்டு மடங்கு) வகுத்தால் 0.127 மீட்டர். ஆக, குழாயில் செங்குத்தாக டியூப் சொருகிப் பார்த்தால், குறுகிய இடத்து டியூபில் நீர்மட்டம் சுமார் 13 செ.மீ. இறங்கி நிற்க வேண்டும். குறுகினால் நெருக்கம், நெருக்கம் என்றால் அழுத்தம் கூடும் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். எனக்கே இன்றும் தோன்றுகிறது.

தம்பி நம்பவில்லை. "காட்டுங்கக்கா" என்றான். அவன் பையிலேயே மேஸ்திரிகள் மட்டம் பார்க்கும், உள்ளே நீர் தெரிகிற பிளாஸ்டிக் டியூப் இருந்தது. ரெட்யூசருக்கு முன்னால் ஒரு டீ (T வடிவ இணைப்பு), பின்னால் ஒரு டீ. இரண்டிலும் டியூபைச் சொருகி, டேங்க் மட்டத்துக்கு மேலே வரும்படி ஒரு கம்பில் கட்டி நிறுத்தினோம். கீழே குழாய் மூடியிருந்தபோது இரண்டு டியூபிலும் நீர் டேங்க் மட்டத்திலேயே சமமாக நின்றது. மகளை விட்டுக் குழாயைத் திறக்கச் சொன்னேன். இரண்டுமே இறங்கின. அரை இன்ச் பக்கத்து டியூப் மட்டும் இன்னும் கீழே போய், ஆடி ஆடி நின்றது. டேப் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் 18 செ.மீ.

13 எங்கே, 18 எங்கே? அந்த 5 செ.மீ. ரெட்யூசரின் கூர்மையான விளிம்பில் போனது. நீர் அந்த மூலையில் திரும்ப முடியாமல் உள்ளுக்குள் இன்னும் குறுகி, பிறகு விரிந்து, சுழன்று வீணாக்குகிற சக்தி. இத்தாலியின் வெஞ்சுரி 1797-இல் குறுகும் குழாய்களைப் பற்றி எழுதினார். 1880களின் இறுதியில் அமெரிக்காவின் கிளெமென்ஸ் ஹெர்ஷல் அதை நீர் அளக்கும் கருவியாக்கி வெஞ்சுரியின் பெயரையே வைத்தார். அதில் குழாய் மெதுவாகக் குறுகி, அதைவிட மெதுவாக விரியும். 0.98 வருவது அதனால்தான். நடுவில் ஓட்டை போட்ட வெறும் தகடான ஆரிஃபிஸை வைத்தால் 0.6 பக்கம் இறங்கிவிடும்.

சரி, மொத்தமே 18 செ.மீ.தான் போகிறது. டேங்க் மட்டத்திலிருந்து குளியலறைக் குழாய்க்கு 4 மீட்டர் உயரம். மீதியெல்லாம் எங்கே போயிற்று?

உராய்வில். இதே 12 லிட்டர் ஓட்டத்துக்கு ஒரு இன்ச் குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 1 செ.மீ. தின்கிறது. அரை இன்ச் குழாய் மீட்டருக்கு 28 செ.மீ.! விட்டம் பாதியானால் உராய்வு இரண்டு மடங்கு, நாலு மடங்கு என்றில்லை, முப்பது மடங்குக்குப் பக்கத்தில் போகிறது. எங்கள் வீட்டில் அரை இன்ச் குழாய் 10 மீட்டர். 2.8 மீட்டர் அங்கேயே காலி. ஆறு எல்போ (குழாய் திரும்பும் முழங்கை வளைவு) சேர்ந்து இன்னொரு 70 செ.மீ. இது போக ஷவர் இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பாவம்.

விரல் கதைக்கு வருகிறேன். ஹோஸ் முனையை அமுக்கினால் ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் ஹோஸின் உராய்வும் குறையும், மிச்சமான அழுத்தம் விரலுக்குப் பின்னால் வந்து நின்று பீய்ச்சும். தம்பியையே அமுக்கிப் பிடிக்கச் சொல்லி மறுபடி பக்கெட்டை நிரப்பினேன். இரண்டரை நிமிடம் தாண்டியது. "தூரம் போகுது, நிறைய மாட்டேங்குது" என்றான் அவனே. அழுத்தம், வேகம், அளவு என்று மூன்று ஆட்களை ஃபோர்ஸ் என்ற ஒரே பெயரில் கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பது? குழாயின் கடைசி நுனியில் குறுக்குவது வேறு, பத்து மீட்டர் முன்னாலேயே குறுக்கிவிட்டு அந்த வேகத்தில் நீரை இழுத்தடிப்பது வேறு.

குளியலறைச் சுவர் வரைக்கும் ஒரு இன்ச் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய், கடைசி ஒரு மீட்டர் மட்டும் அரை இன்ச் என்று மாற்றினோம். இரண்டு எல்போவும் குறைந்தது. பக்கெட் 52 வினாடியில் நிரம்பும் என்று சுவரில் பென்சிலால் எழுதி வைத்தேன். 56 ஆனது. ரெக்கார்டு நோட்டாக இருந்தால் 52 என்றே போட்டிருப்பேன்.

ஷவரின் எல்லாத் துளையும் இப்போது வேலை செய்கிறது. மாமியார் அரை மணி நேரம் குளிக்கிறார். காவிரி நீர் 100 கி.மீ.க்கு அப்பாலிருந்து, சுமார் அரை கிலோமீட்டர் உயரம் பம்ப் அடித்து இந்த ஊருக்கு ஏறி வருகிறது என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தேன், பலனில்லை. 2024 கோடையில் பெங்களூரின் வணிக வளாகங்களில் குழாய்க்கெல்லாம் ஏரேட்டர் (நீரோடு காற்றைக் கலந்து செலவைக் குறைக்கும் முனை) மாட்டச் சொன்னபோது சிரித்தவர் எங்கள் ஓனர். டேங்க் சீக்கிரம் காலியாகிறது, டேங்கர் லாரிக்கு யார் காசு கொடுப்பது என்று நேற்று மாடிக்குப் போனார். இன்று காலை பக்கெட் நிரம்ப 85 வினாடி. ஏறிப் பார்த்தேன், கேட் வால்வு முக்கால்வாசி மூடியிருக்கிறது.