வட்டமடிக்காமல் ஒரு கனூ

பாஸ்டனுக்கு மேற்கே, வால்தம் ஊரின் நடுவில் மூடி தெரு அணை இருக்கிறது. நூற்பையும் நெசவையும் ஒரே இடத்தில் நடத்த 1814இல் அங்கே ஒரு பஞ்சாலை வந்தது. அதன் சக்கரத்தைச் சுழற்றத்தான் சார்லஸ் ஆற்றைத் தேக்கினார்கள். ஆலையின் ஒரு பகுதி இப்போது அருங்காட்சியகம். தேங்கிய தண்ணீர் மட்டும் பக்கத்து ஊரான நியூட்டன் வரை அகன்று, கிளைவிட்டு, குளம்போலக் கிடக்கிறது.

இழுப்பே இல்லாத தண்ணீர், பழக லேசாக இருக்கும் என்று நம்பி மே கடைசியில் வாடகைக்கு ஒரு கனூ, அதாவது ஒடுங்கிய நீளப் படகு, எடுத்தேன். தனி ஆள், ஒற்றைத் துடுப்பு.

முதல் நாள் முழுக்க வட்டம்தான். வலப்பக்கம் துடுப்பு வலித்தால் படகு இடப்பக்கம் திரும்புகிறது. பக்கம் மாற்றி மாற்றிப் போட்டதில் மடியெல்லாம் ஈரம். ஒகேனக்கல்லில் வட்டப் பரிசலையே நேராக ஓட்டுகிறார்கள். நான் நீளப் படகை வட்டமாக ஓட்டினேன்.

அடுத்த வாரம், பக்கம் மாற்றாமலே நேராகப் போக உதவும் ‘ஜே’ (J) துடுப்பு வீச்சு. துடுப்பைப் பின்னால் இழுத்து, முடியும் இடத்தில் மேல்கையின் கட்டைவிரல் கீழே பார்க்கும்படி திருப்பி, வெளிப்பக்கம் லேசாகத் தள்ள வேண்டும். தண்ணீருக்குள் தூண்டில் முள் வரைவது மாதிரி. நான் கட்டைவிரலை மேலே திருப்பிக்கொண்டிருந்தேன். அப்படியும் படகு திரும்பும், ஆனால் ஒவ்வொரு வீச்சுக்கும் பிரேக் போட்டதுபோல வேகம் செத்துவிடும். இது பிடிபட இரண்டு மணி நேரம் ஆனது.

மூன்றாம் வாரம் காற்று. பின் இருக்கையில் உட்கார்ந்ததால் முன்முனை தூக்கிக்கொண்டு, காற்று தள்ளிய பக்கமெல்லாம் போனது. நாணலில் இரண்டு முறை செருகினேன். படகுத்துறையில் ஒரு பெரியவர், “முன் இருக்கையில் பின்பக்கம் பார்த்து உட்காருங்கள்” என்றார். இரண்டு முனையும் ஒரே அமைப்பு என்பதால் எந்தப் பக்கமும் ஓட்டலாம். அந்த இருக்கை நடுவுக்குக் கிட்டே இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். மூக்கு இறங்கியது, படகும் சொல்பேச்சு கேட்டது.

ஜூன் கடைசியில் நியூட்டனின் ஆபர்ன்டேல் பகுதிக் கரையை ஒட்டி ஓட்டினேன். 1897 முதல் 1963 வரை அங்கே நோரம்பேகா என்ற கேளிக்கைப் பூங்கா இருந்தது. பழைய படங்களில் தண்ணீர் தெரியாத அளவுக்குக் கனூக்கள் நெரிக்கின்றன. இப்போது நானும் சில வாத்துகளும். ஓரங்களில் நீர்க்கொட்டைச் செடி பாய் விரித்திருந்தது. வடநாட்டில் சிங்காடா என்று ஆசையாகத் தின்பார்களே, அதன் நெருங்கிய உறவு. இங்கே அது களை. முள்கொட்டை சேற்றில் 12 ஆண்டு வரை உயிரோடு கிடக்குமாம். அதனால் கொட்டை உதிரும் முன், கோடையிலேயே கனூவில் போய்க் கையால் பிடுங்குகிறார்கள். துடுப்பு அதற்குள் மாட்டினால் ஜேயும் இல்லை, ஒன்றும் இல்லை.

அன்று பாலத்திலிருந்து எதிர்த்திட்டு வரை பக்கம் மாற்றாமல் போய்ச் சேர்ந்தேன். வலப்பக்கம்தான். திரும்பும்போது தோள் வலிக்கிறதே என்று இடப்பக்கம் மாற்றிப் பிடித்தேன். மறுபடி வட்டம்.